எண்பதாவது பெண்மான்

மர்டோ மான்கறி சாப்பிடமாட்டார். இருபத்தொன்பது வருடமாக எங்கள் பள்ளத்தாக்கு எஸ்டேட்டில் மான் சுடுவதுதான் அவர் வேலை. ஆனால் தட்டில் வறுத்த மீன் இருந்தால்தான் கை நீளும். அவர் மனைவி எஃபி இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

"வாயத் தொறந்தா மானு. தட்டுல மட்டும் மானு ஆகாது இந்த மனுஷனுக்கு."

"பேங்க்ல வேல பாக்கறவன் நோட்டையா திங்கறான்?" என்பார் மர்டோ.

ஆறு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நான் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய குளிர்காலத்தில், எங்கள் பக்கம் கிடைத்த ஒரே வேலை அவருடைய மட்டக்குதிரையை நடத்துவது. சுட்ட மானை மேஜர் என்ற அந்தச் சாம்பல்நிறக் குதிரையின் முதுகில் கட்டி மலையிலிருந்து இறக்கவேண்டும். ஒரே குளிர்காலத்தில் எதற்கு இத்தனை பெண்மான்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

"ஓநாய் இருந்தப்ப இந்த வேலைக்கு ஆளே தேவப்படல. இப்ப ஓநாய் நான்தான். ஓட்ட ஜீப் ஒண்ணும் குடுத்திருக்காங்க."

சிரித்து முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மார்ச் கடைசில ஓடைப்பக்கம் வா, புரியும். புல்லு இவ்ளோதான், வாயி அவ்ளோ. நான் சுடலேன்னா அதுங்க சாகாம இருக்கப்போறதில்ல பொண்ணே. பசியில மெதுவாச் சாகும்."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண்மான் தனியாகத் தெரிந்தால் உடனே சுடமாட்டார். ஈரப் புதரில் குப்புறப் படுத்துக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஜூனில் பிறந்த குட்டி பிப்ரவரியிலும் தாயை நம்பித்தான் இருக்கும். பக்கத்துப் பள்ளத்தில் எங்காவது படுத்திருந்து, கொஞ்ச நேரத்தில் எழுந்து வரும். வந்தால் இரண்டையும் சேர்த்துச் சுடவேண்டும், இல்லையேல் இரண்டையும் விட்டுவிடவேண்டும். தாயை மட்டும் எடுத்தால் அது கொலை என்பார்.

"அப்ப மத்ததெல்லாம்?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"மத்ததெல்லாம் வேல."

பிப்ரவரி பதினைந்தோடு பெண்மான் வேட்டை முடிகிறது. அந்த வருடத் திட்டம், குட்டிகளையும் சேர்த்து, எண்பது. ஜனவரி முழுக்கப் புயலில் போயிருந்தது. பதினைந்தாம் தேதி மதியம் எழுபத்தொன்பது ஆகியிருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் திட்டத்துக்குக் குறைவான எண்ணை எழுதியதில்லை. யாரும் அவரை அதற்காகத் திட்டியிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் சாண்ட்விச்சைப் பாதியில் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார்.

மூன்றரை மணிக்குக் கருமுகட்டின் கீழே ஒரு பெண்மான். மேற்கே பனிமூட்டம் சுவர்போல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. தூரக்கண்ணாடி என் கையில் இருந்தது.

"குட்டி இருக்கா?"

"இல்ல. தனியாத்தான் நிக்குது. முதுகெல்லாம் நல்லா கொழுப்பு."

பால் கொடுக்கும் மான் அந்த மாதத்தில் கொழுத்திருக்காது. "அப்ப மலடுதான்," என்றார் மர்டோ. கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சுட்டார்.

குடலெடுக்கத் திருப்பிப் போட்டவர் கத்தியை ஹெதர் என்ற குட்டைப் புதரில் வைத்துவிட்டு, மடியை இரண்டு விரலால் அழுத்தினார். விரல்நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது.

"பாலு," என்றார்.

தாயில்லாத குட்டியைத் தேதி தாண்டியும் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் தேதி பிரச்சினையில்லை. குட்டி கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். அது தாய் விழுந்த இடத்துக்கே திரும்பி வரும் என்றார். செத்த மானை அங்கேயே விட்டுவிட்டு, முப்பதடி தள்ளிப் படுத்தோம். பனி எங்கள் முதுகில் ஏறியது. துப்பாக்கிக் குழல் நுனிகூடத் தெரியாமல் போனபோது மேஜர் கனைத்தது. அப்போதுதான் எழுந்து, குடலை அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டு மானைக் குதிரையில் கட்டினோம்.

"நான்தான் இல்லன்னு சொன்னேன், மர்டோ."

"நீ கண்ணுல பட்டதச் சொன்ன. காத்திருக்க வேண்டியவன் நான்." குதிரையின் வாரை இறுக்கினார்.

விடிந்ததும் மேலே போனோம். மூட்டம் விலகி வானம் கழுவியதுபோல இருந்தது. குடல் கிடந்த இடத்தைச் சுற்றிலும் புதுப்பனியில் சின்னக் குளம்படிகள். அதை ஒட்டி, கால்களை மடக்கிப் படுத்த அளவில் ஒரு குழி. படுத்த உடம்பின் சூட்டில் பனி அடிப்புல்வரை உருகி, மறுபடி கண்ணாடிபோல உறைந்திருந்தது.

மர்டோ அதற்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

குளம்படிகள் கீழே இறங்கி, நாற்பது ஐம்பது மான்கள் போன தடத்தில் சேர்ந்து காணாமல் போயின.

பன்னிரண்டு நாள் அந்தக் குட்டியைத் தேடிக் கூட்டத்தின் பின்னால் போனோம். எல்லாக் குட்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. மெலிந்து, ரோமம் நனைந்து, எலும்பு துருத்தியபடி. பெரிய பெண்மான்கள் முன்காலால் அடித்துத் துரத்தினால் எந்தக் குட்டியும் ஓரமாகப் போய்த்தான் நிற்கும்; தாயில்லாதது எதுவென்று தெரியாது. இரண்டுமுறை மர்டோ துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இரண்டுமுறையும் கடைசி நொடியில் ஒரு தாய் வந்து அந்தக் குட்டியை நக்கியது. துப்பாக்கியின் சேஃப்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் எஃபி கேலியை நிறுத்திவிட்டாள். ஒரு சாயங்காலம் மட்டும், "ஆயிரக்கணக்குல சுட்டிருக்க. ஒண்ணுக்கு ஏன்யா இப்படி?" என்றாள்.

"அதுங்கள நான் சுட்டேன் எஃபி. இத நான் சுடல."

மார்ச் இரண்டாம் வாரம் ஐஸ்மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. மாதக் கடைசியில், வருடாவருடம் அவர் செய்வதுபோல, செத்தவற்றை எண்ணப் போனோம். சாகப்போகும் மான் காற்றுக்கு ஒதுங்கித் தாழ்வுக்கு வரும். அதனால் எல்லாம் ஓடையோரமாகவே கிடக்கும். கிழட்டுக் கலைமான்கள் நான்கு. குட்டிகள் பதினொன்று. முன்பு சொன்னது புரிகிறதா என்று அவர் கேட்கவில்லை. புரிந்தது.

வழக்கமாகக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் கோடு போடுவாராம். இந்தமுறை ஒவ்வொரு குட்டிக்கும் முழங்காலிட்டு, கையால் திருப்பி, முகத்தைப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ, அதனிடம் அதிக நேரம் இருந்தார்.

"இதுவா?"

"எப்படிச் சொல்றது? நான் அத ஒருதடவகூடப் பாத்ததில்லையே."

மறுநாள் எடின்பரோவிலிருந்து எஸ்டேட் மேனேஜர் ஃபோன் செய்தார். கொட்டகையில் ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எண்பது! புயலடிச்ச வருஷத்துலயும் சரியா எண்பது. உங்கள அசைக்க முடியாது மர்டோ."

"எண்பத்தொண்ணு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மான்கறி வாங்கறவர் ரசீதுல எண்பதுதானே இருக்கு? ஒண்ணு எங்க போச்சு?"

"தெரியல சார்."

"எழுதறதுக்கு ஒரு இடம் வேணுமே. எங்கன்னு போட?"

மர்டோ ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பனி முகட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அடிவாரத்தில் மான்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் கை தானாக நீண்டு, ஆணியில் மாட்டியிருந்த தூரக்கண்ணாடியை எடுத்தது.

"மர்டோ? லைன்ல இருக்கீங்களா?"

அவர் அதற்குள் வெளியே போயிருந்தார். நான்தான் ஃபோனை வைத்தேன்.