தழையை இழுத்துப் போட்டவர்

நல்லம்பள்ளிக்கு அப்பால், மலையடியில் ஆட்டுக்கு வாகைத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டு மாரியப்பன் போன் செய்தான்.

"ஆம்புலன்ஸ் சூசைராஜைக் கார் அடிச்சிட்டுதுங்கண்ணா. உசுரு இல்லீங்க."

"அவன் அடிபட்டவங்களத் தூக்கற ஆளுடா. நல்லாப் பாரு," என்றேன். மாரியப்பன் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் சொன்னான்.

சூசைராஜைத் தெரிந்த உங்களுக்கு காயத்துக்குக் கட்டுப் போடும் அவன் கை நினைவிருக்கும். எனக்குத் தழைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவன் மெதுவாக வரட்டும் என்று பச்சைத் தழையை ஒடித்துப் போடுவோம். இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்த அன்று அவன் நான் தழை ஒடிக்கும் தொரட்டிக் கோலைப் பார்த்தான்.

"அண்ணா, ஆட்டுக்குப் போடறதுல எனக்கும் ரெண்டு கொப்பு போடுங்க."

போட்டேன். என் கருப்பாடு இருக்கிறதே, வேலியில் காயும் துணியைக்கூட விடாது. வாகை என்றால் கேட்கவே வேண்டாம். பின்னாலேயே வந்து ரோட்டில் கிடந்த தழையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. சூசைராஜ் லாரி டிரைவரின் காலைக் கட்டிக்கொண்டே, "தழையப் பாத்தா இதாச்சும் நிக்குது. கார்க்காரன் ஒருத்தனும் நிக்கலியே," என்றான்.

இன்னொரு நாள் என் வூட்டில் டீ குடித்தபடி சொன்னான்: "சைரன் போட்டு ஓடறப்ப வழி விடலைன்னா அபராதம்ங்க. ரோட்டோரம் குனிஞ்சு வேல செய்யறப்ப உரசிட்டுப் போனா ஏன்னு கேக்க ஆளில்ல. அதுக்கும் போடணும்."

"அபராதம் போட்டாத் திருந்திடுவானா?"

"திருந்த வேண்டாம்ணா. மெதுவாப் போனாப் போதும்."

அவனுடைய கடைசி நாளும் அதே இறக்கத்தில் தழை கிடந்தது. மாரியப்பன்தான் போட்டிருந்தான். புதுக் காரில் வந்த ஒருவர் இறங்கி, அதை ஓரமாக இழுத்துப் போட்டார்.

"ஆளு வேல செய்யறாங்க சார்."

"பெயிண்ட்ல கீறும்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாரியப்பன் தழையைத் திரும்ப எடுப்பதற்குள், திறந்து கிடந்த வழியில் அடுத்த கார் பறந்து வந்தது. சூசைராஜ் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண்ணின் தலையைப் பிடித்தபடி குனிந்திருந்தான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

அடித்தவன் மேல் வழக்கு இருக்கிறது. தழையை இழுத்தவர் மேல் ஒன்றுமில்லை. கீறல் விழாத காரை இன்றைக்கும் துடைத்துக்கொண்டிருப்பார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் விதி என்றார்கள். எனக்கு வாயில் வந்ததை இங்கே சொல்ல முடியாது. விதியா இறங்கி வந்து தழையை இழுத்தது?

போன வாரம் அதே இறக்கத்தில் ஒரு பைக் விழுந்தது. தழையைப் போட்டுவிட்டு, தொரட்டியோடு அதன் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

"யோவ் பெருசு, தழைய எடு."

"எடுத்தா அபராதம்ங்க."

"எவன் போட்டான் அந்த அபராதத்த?"

"சூசைராஜுங்க."

என் முகத்தையும் தொரட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தழையைச் சுற்றி, மெதுவாகப் போனார்.

சூசைராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான். தழையைப் போட்டுவிட்டு, அடிபட்டவரைத் தூக்கும்வரை இனி வூட்டுக்குப் போக மாட்டேன்.