சீட்டுக்கு அடியில் ஐந்து அட்டை

இன்று திருவிடந்தை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும், ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்தே குதிக்கப் பார்த்தேன். வயது நாற்பத்தெட்டு. ஓட்டியது மகள்.

எனக்குப் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலிலேயே ஒரு பை தைத்து வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி வீங்கிக்கொள்ளும். பவுச்சிடிஸ் என்று பெயர். வந்தால் கழிப்பறைக்கு ஓட்டம்தான்.

திரும்பி வந்தால் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் போட சீட்டைத் திறந்த மகளின் கையில், அந்த வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்து, நான் ஒளித்துவைத்த மாத்திரை அட்டைகள். ஐந்திலும் பாதி மாத்திரை மீதி.

“இன்னா நைனா இது? ஒவ்வொரு தபாவும் முழுசா சாப்ட்டேன்னு டாக்டராண்ட சொன்னியே!”

“அத்த முழுங்கினா வாயில இரும்பை வெச்சிகினு கீற மாதிரி கீதும்மா. கொஞ்சம் தேவலைன்னா நிறுத்திடுவேன்.”

பெட்ரோல் போட்ட அக்கா, “மெடிக்கல் ஷாப்பே வெச்சிகினு கீறாரு” என்றார்.

மகள் சிரிக்கவில்லை. ஐந்து அட்டையையும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டியை நேராக டாக்டரிடம் விட்டாள். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி அதைக் கையில் எடுத்துத் தருவது அவள்தானாம்.

உங்கள் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? பெட்ரோல் போடும் முன் சொல்லிவிடுங்கள்.

வாயில் இரும்பு என்றது பாதி உண்மை. முழு அட்டையும் தின்று தீர்த்த பிறகும் வீக்கம் திரும்பி வந்தால், அப்புறம் எதை நம்புவது என்ற பயம்தான் மீதி. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.