திருகாணி இல்லாத திரை

"இது உன்னால ஆகாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தேவகுமாரிக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டர் படிக்கச் சேலம் போகிறேன் என்றபோது, பேசாமல் டீச்சர் டிரெயினிங் போ என்று சொந்தக்காரர்கள் ஒரே குரலில் ஓதினார்கள். மறுநாளே நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏற்காட்டில் மாறி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குமட்டலை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். ஒரே ஒரு சண்டையில்தான் அவள் தோற்றிருந்தாள். ஊர் எஸ்டேட்டின் மாதா கோயில் பாட்டுக் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடி வந்தவள். ஆனால் மைக் செட் பக்கம் அவளை அண்டவிட்டதில்லை. குழுத் தலைவர் மரியதாஸ் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது, பொம்பளைப் பிள்ளைகள் கிட்டவே வரக் கூடாது. எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. அது அவள் மனதில் முள்ளாகவே இருந்தது.

தொண்ணூற்றெட்டில் அவள் சேலத்தில் அங்கப்பனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிற ஒரு மிக்ஸரை அங்கப்பன் செய்துகொண்டிருந்தார். நாலு மைக்கில் வருகிற நாலு குரலையும் தனித்தனியாகப் பிடித்துவைத்து, வேண்டியதைக் கூட்டி, வேண்டாததைக் குறைக்கலாம். (மகள் மிக்ஸர் கம்பெனியில் இருக்கிறாள் என்று அம்மா சொல்லப்போய், அக்கம்பக்கத்தில் பொட்டலம் கேட்டவர்களும் உண்டு.) உள்ளே ஓடுகிற புரோகிராமை எழுதுவது அங்கப்பன். வெளியே தெரிகிற முகத்தை, எது எங்கே இருக்க வேண்டும் என்பதை, வரைவது தேவகுமாரி.

அந்த முகத்தில்தான் சண்டை வந்தது. அங்கப்பன் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு மிக்ஸரின் படத்தைப் பார்த்து மயங்கிக் கிடந்தார். வரிசை வரிசையாகத் திருகு, இரண்டு பக்கமும் மரப்பலகை, நாலு மூலையிலும் பளபளவென்று திருகாணி. திரையிலும் அப்படியே வேண்டும் என்றார்.

"ஏனுங்க சார், கம்ப்யூட்டர் திரையை யாரு கழட்டப் போறாங்க? எதுக்குங்க திருகாணி?"

"பாத்ததும் ஒரு மதிப்பு வரோணும் அம்மிணி."

"மவுசைப் புடிச்சுக்கிட்டு வட்டமாத் திருகிப் பாருங்க சார். கை சுளுக்கிக்கும்."

அவள் வரைந்தது வேறு. நாலு வட்டம், நாலு தலைகள். பாட்டுக் குழு நிற்கிற மாதிரியே பிறை வடிவத்தில் வரிசை. ஒவ்வொரு தலைக்கும் கீழே ஒரு கட்டை. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அவ்வளவுதான். அங்கப்பன் உதட்டைப் பிதுக்கினார். "குழந்தைங்க புஸ்தகமாட்டம் இருக்குது" என்றவர், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற சனிக்கிழமை அவளுடைய எஸ்டேட் கோயிலில் திருவிழாப் பாட்டு கேசட்டுக்குப் பதிவு. அங்கே இருக்கிறவர்கள் அவள் திரையை ஏற்றுக்கொண்டால் அதுவே இருக்கட்டும். இல்லையென்றால் திருகு வைத்த திரைதான், அதற்கப்புறம் அவள் சர்ட்டிபிகேட் டைப் அடிக்கிற வேலையைப் பார்க்க வேண்டியது.

"சரிங்க" என்றாள்.

தலைகளுக்குக் கீழே பெயர் போடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். மரியதாஸ் பதறிவிட்டார். "பேரு போட்டீன்னா எங்க குழுவே ஒடஞ்சு போயிரும், சாமி! ரைட்டர் வந்து பாத்தா என்ன ஆவறது?" ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற லூர்துராஜ், குழுவில் பாடுகிற நாலு பேரில் ஒருவர். அவர் வாயைத் திறந்தால் மற்ற மூன்று பேர் பாடுவதும் வீண். ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாது. கோயில் விஷயத்தில் அவர் சொல்தான் எடுபடும் என்பதால் யாரும் சொன்னதுமில்லை. பாடி முடித்த பிறகு சத்தமில்லாமல் அவர் குரலைக் குறைத்துவிடலாம் என்பதற்காகவே மரியதாஸ் இந்த மிக்ஸருக்குச் சம்மதித்திருந்தார். ஆகவே பெயர் வேண்டாம், நிற்கிற இடம் போதும் என்று ஆயிற்று.

சனிக்கிழமை அங்கப்பனும் தேவகுமாரியும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மைக் செட் பக்கத்தில் வைத்தார்கள்; மதியம் பாட்டு பதிவாகி முடிந்தது. மரியதாஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, பதிவை ஓடவிட்டார். எதிரே நிற்கிறவர்களை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை. அவருக்கு இடது கோடியில் லூர்துராஜ் நின்றார். மரியதாஸ் இடது கோடிக் கட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார்.

வலது கோடியில் நின்ற ஆரோக்கியசெல்வியின் குரல் அடியோடு காணாமல் போனது. குழுவிலேயே நல்ல குரல் அவளுடையது. லூர்துராஜ் மட்டும் கோயில் கூரை அதிர முழங்கிக்கொண்டிருந்தார். தன் குரலைக் கேட்டு அவருக்கே புல்லரித்தது போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டார்.

தேவகுமாரிக்கு உடம்பெல்லாம் சுட்டது. என்ன செய்திருக்கிறோம் என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. வருஷக்கணக்காகக் குழுவுக்குள் நின்று பாடியவள், உள்ளே நின்று பார்த்தபடியே வரைந்திருக்கிறாள். அவளுக்கு லூர்துராஜ் எப்போதும் வலது பக்கம். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் இடம் மாறித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அங்கப்பன் சட்டைப் பையிலிருந்து திருகு வைத்த திரை இருந்த பிளாப்பியை எடுத்தார். "நாஞ் சொன்னனா இல்லையா? நகரு அம்மிணி, என்னோடதைப் போட்டுடறேன்."

தேவகுமாரி நகரவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"நான் வரைஞ்சது தப்புத்தானுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு நாளாச்சும் அந்த நாற்காலியில என்னை உக்கார விட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது." இது மரியதாஸுக்கு. பிறகு அங்கப்பன் பக்கம் திரும்பினாள். "அரை மணி நேரம் பொறுங்க சார். ஆவலைன்னா உங்க பிளாப்பியை நானே போடறேன். எந்திரிங்க அண்ணா."

மரியதாஸ் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே விளங்கியிருக்காது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதல் முறையாகக் குழுவை எதிரே இருந்து பார்த்தாள். எல்லோரும் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. தலைகளை இடம் மாற்றினாள், கட்டைகளை மாற்றிக் கோத்தாள், சொன்ன நேரத்துக்குள் பதிவை மறுபடியும் ஓடவிட்டாள். இடது கோடிக் கட்டையைக் கீழே இழுத்ததும் லூர்துராஜ் அடங்கினார். ஆரோக்கியசெல்வியின் குரல் மூடுபனி விலகின மாதிரி தெளிவாக வந்தது.

லூர்துராஜ் கண்ணைத் திறந்தார். நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தார்.

"இதுல நான் எது கண்ணு?"

மரியதாஸ் இருமினார். அங்கப்பன் அவள் காலை மிதித்தார்.

"இடது கோடியில இருக்கறது நீங்கதானுங்க."

"ஏன் இவ்வளவு கீழ கெடக்குது?"

"அது வந்துங்க, மிஷின்ல ஒரு சின்ன..." என்று அங்கப்பன் ஆரம்பித்தார்.

"மிஷின் இல்லீங்க. நான்தான் எறக்குனேன். நீங்க நொம்பச் சத்தமாப் பாடறீங்க. செல்வியக்கா குரல் கேக்கறதே இல்லீங்க. இங்க எல்லாத்துக்கும் தெரியும், சொல்லத்தான் பயப்படறாங்க."

லூர்துராஜின் கழுத்து சிவந்தது. மவுசைத் தன் பக்கம் இழுத்து, தன் கட்டையை உச்சிக்குத் தள்ளினார். கூரை அதிர்ந்தது. கேட்டார். கொஞ்சம் இறக்கினார். கேட்டார். இன்னும் இறக்கினார். கடைசியில் அவள் வைத்திருந்த இடத்துக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆரோக்கியசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசம் கூட நின்னு பாடறேன். நீ இப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியாது புள்ள" என்றார். "இங்கயே இருக்கட்டும்."

"ஏனுங்க, இதை ஓட்ட எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்று லூர்துராஜைக் கேட்டார் அங்கப்பன்.

"கத்துக்க என்னங்க இருக்குது? தலை இருக்குது, கட்டை இருக்குது."

அங்கப்பன் பிளாப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தேவகுமாரியின் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"சரி அம்மிணி, உன்னோடதே இருக்கட்டும். மூலைக்கு ஒண்ணா நாலு திருகாணி மட்டும் வெச்சிருவோம், அழகுக்கு."

"வெக்க மாட்டேனுங்க."

"ரெண்டு?"

"ஒண்ணுகூட வெக்க மாட்டேனுங்க சார்."

அடுத்த பாட்டுக்கு எல்லோரும் தொண்டையைச் செருமினார்கள். மரியதாஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, அவள் எழுந்திருப்பாள் என்று நின்றார். தேவகுமாரி எழுந்திருக்கவில்லை.

"நீங்க போயி வரிசையில நில்லுங்கண்ணா" என்றாள். "எந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்கும் ஒரு தலை போடறேன்."