வெளியே கொண்டு செல்லும் பொருள்

என் கணவனின் மூக்கை நான் உடைத்தது பரீட்சை ஹாலில். வேண்டுமென்றே உடைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பல பேர் என்னிடம் வந்து, தெரியாமல் கை பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடு என்று கெஞ்சினார்கள். தெரியாமல் பட்ட கை இல்லை அது. தாள் வைத்து எழுதும் பேட்டைத் திருப்பி, இரும்பு கிளிப் இருக்கும் பக்கம் முன்னால் வரும்படி பிடித்துத்தான் அடித்தேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வடக்குத்து என்ற ஊரில் சின்ன ஓட்டு வீடு, ஒரு மகள், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைன்ஸில், கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் கணவன். காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். விட்ட படிப்பைத் தபால் வழியில் தொடர்ந்தேன். ஒவ்வொரு பேப்பராகத் தேறி, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது: பொது நிர்வாகம். என் பதிவுக்கு அந்த வருஷம்தான் கடைசி. அதில் தேறாவிட்டால் அதுவரை தேறிய பதினான்கு பேப்பரும் செல்லாது.

அவனுக்குத் தெரியாமல்தான் படித்தேன். தெரிந்து படித்த காலம் ஒன்று உண்டு. ஒருநாள் புத்தகத்தையெல்லாம் வெந்நீர் அடுப்பில் வைத்தான். பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே கிடப்பவன், என்றைக்காவது பர்மனென்ட் ஆவோம் என்று அதையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பவன். "எனக்கு முன்னாடி நீ எங்கனா போயி பர்மனென்ட் ஆயிடலாம்னு பாக்கிறியா?" என்றான். அடுப்பு எரிந்து முடிகிறவரை என் கழுத்தைப் பிடித்து அங்கேயே உட்கார வைத்திருந்தான். அன்றைக்குக் குளிக்க வெந்நீர் நன்றாகக் காய்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் தேதி பார்த்து வாழ்கிறவர்கள் குறைவு. ஷிப்ட் பார்த்து வாழ்வோம். பெண் பார்க்க வருவது, காது குத்து, பங்காளிச் சண்டை எல்லாவற்றுக்கும் இது முதல் ஷிப்ட் வாரமா, நைட் வாரமா என்று கேட்டுக்கொண்டுதான் நாள் வைப்பார்கள். நானும் ஒவ்வொரு பரீட்சையையும் அப்படித்தான் எழுதினேன். முதல் ஷிப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு உள்ளே போனவன் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவான். பரீட்சை பத்திலிருந்து ஒன்று வரை. சமைத்து வைத்துவிட்டுப் போய், எழுதிவிட்டு வந்து, அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

அந்தக் கடைசிப் பரீட்சையைத் தேர்தல் வேலைக்காகத் தள்ளி வைத்தார்கள். புதுத் தேதி நைட் ஷிப்ட் வாரத்தில் வந்து விழுந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். நைட் பார்த்துவிட்டு வந்தால் ஃபேனுக்குக் கீழே மதியம் வரை அசைய மாட்டான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, மே மாதம் எங்கள் தெருவில் கரண்ட் நிற்கும் என்று நம்பியிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

கரண்ட் போயிற்று. வேர்த்து எழுந்தவன் விசிறி தேடியிருக்கிறான். விசிறி பரண்மேல் இருந்தது. அதற்கடியில் என் ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸ் இருந்தது. பரீட்சை நடந்த காலேஜின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

மாவட்ட ஆட்சியரின் அதிகாரங்கள் பற்றி மூன்றாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கொண்டையில் கை விழுந்தது. நெற்றி டெஸ்க் விளிம்பில் இடித்தது. திரும்பாமலே யாரென்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த கை. "வூட்ல ஆம்பள தூங்கிக்கினு இருக்கான், நீ இங்க வந்து கலெக்டருக்குப் படிக்கிறியா" என்றான். இரண்டாவது முறையும் என் தலையை டெஸ்க்கில் இடித்தான். அப்போதுதான் பேட்டைத் திருப்பினேன். கிளிப் அவன் மூக்குத் தண்டில் இறங்கிய சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. கேட்கும்போது நன்றாகவே இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

அவன் ரத்தமும் என் ரத்தமும் விடைத்தாளில் விழுந்தன. கண்காணிப்புக்கு நின்ற மேடம், என்னைவிட இளையவர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது, அவரவருக்கு அவரவர் பேப்பர்.

முடியைச் சுருட்டிப் பிடித்து வராண்டா முழுக்க இழுத்துக்கொண்டு போனான். படியில் என் முழங்கால் தோல் உரிந்தது. கேட்டுக்கு அருகில் நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் வயிற்றில் உதைத்தான். வெளியே ரோட்டோரம் பலாச்சுளை விற்கிற அக்கா, எண்ணெய் தடவிய கத்தியோடு எழுந்து வந்தார். "உட்றா. உடலன்னா பலாவ அறுக்கிறாப்ல அறுத்துடுவேன்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் விட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் திரும்ப உள்ளே ஓடினேன். என் விடைத்தாளை உறையில் போட்டு மூடியிருந்தார்கள்.

அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு தோழியின் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டேன். சண்டை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வர் தேர்வு அறையில் ஒருவரைத் தாக்கினார், அனுமதியின்றி வெளியேறினார், எனவே தேர்வு ரத்து, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரலாம். நான் அடித்த அடி மட்டும் அதில் இருந்தது. என் தலையை இடித்தவன், இழுத்தவன், உதைத்தவன் எங்கேயும் இல்லை. நான் யாரைத் தாக்கினேன் என்றுகூட எழுதவில்லை.

கண்காணிப்பு மேடத்தைத் தேடிப் போனேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். காபி கொடுத்தார். "காய்ச்சல்ல மயங்கி விழுந்துட்டேன்னு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி வச்சிருங்க. மறுதேர்வு ஈசியா கொடுத்துருவாங்க. வெளியாள் உள்ள வந்தான்னு நான் எழுதினா காலேஜ்ல என்னைத்தான் கேப்பாங்க."

"காய்ச்சலுக்கு முடியப் புடிச்சி இழுக்கத் தெரியுங்களா மேடம்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காபியை நான் குடிக்கவில்லை.

பஸ் ஏறிப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அச்சடித்த தாளைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் மறுதேர்வு உண்டு, விபத்து என்றால் உண்டு, நெருங்கிய உறவினர் இறந்திருந்தால் உண்டு. "புருஷன் செத்திருந்தா குடுக்கலாம்மா. புருஷன் வந்ததுக்கெல்லாம் இதுல இடமில்ல" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வெளியாள் உள்ளே வந்ததற்கு ஆதாரம் இருந்தால் மேலதிகாரியிடம் வைக்கலாம் என்றார். காலேஜில் கேட்டதற்கு, ஹால் டிக்கெட் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது, அதனால் யாரும் வரவில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அவன் வந்தான். அவனைக் கேட்டில் நிறுத்தாமல் விட்டவர் ஒருவர் இருந்தார்.

வாச்மேன் எங்கள் ஊர்க்காரர், எனக்குப் பெரியப்பா முறை. ஆயுசெல்லாம் மைன்ஸ் கேட்டில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு, வயதான பிறகு இந்தக் காலேஜ் கேட்டுக்கு வந்தவர். போன வேகத்தில் அவரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் முகம் மாறவில்லை.

"எம் பொண்டாட்டி உள்ள கீறா, இட்டுக்கினு போவணும்னான். வூட்டுக்காரன எப்படிம்மா நிறுத்தறது? ஆனா எழுதாம உடல" என்றார்.

"என்னத்த எழுதினீங்க?"

பெரிய ரிஜிஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். மைன்ஸ் கேட்டில் இருப்பதைப் போலவே கோடு போட்டு, தன் கையாலேயே தலைப்பு எழுதி வைத்திருந்தார். காலேஜில் யாரும் கேட்காத ரிஜிஸ்டர். தினமும் ஒருவரும் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைய பக்கத்தில் அவன் பெயர் இருந்தது. உள்ளே: பதினொன்று பதினைந்து. காரணம்: சொந்த வேலை. வெளியே: பதினொன்று இருபத்தைந்து. அதற்குப் பக்கத்தில் 'வெளியே கொண்டு செல்லும் பொருள்' என்று ஒரு கட்டம். அதில் 'மனைவி - 1' என்று எழுதியிருந்தார்.

படித்தேன். திரும்பவும் படித்தேன். மேலே வேறொரு வரியில் 'பழைய ஃபேன் - 2' என்று இருந்தது.

"உள்ள வந்தவன் போவும்போது கையில என்னா இருந்தாலும் எழுதணும்மா. ஒரு போல்ட்டு நட்டு ஆனாலும் எழுதணும். இல்லன்னா நாளைக்கு நம்ம தலைய உருட்டுவாங்க" என்றார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. வேலையைச் சரியாகச் செய்த திருப்திதான் இருந்தது. அந்தக் கணத்தில் என் கணவனைவிட இவரைத்தான் அடிக்க வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது.

"இத போட்டோ எடுத்துக்கறேன், பெரியப்பா."

அவர் சற்று நேரம் ரோட்டைப் பார்த்தார். வேலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும். "நான் டீ குடிக்கப் போறேன். ரிஜிஸ்டரு இங்கதான் கெடக்கும்" என்று எழுந்து போனார்.

தேர்வுப் பிரிவின் மேலதிகாரி அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பொருள்னு போட்டிருக்காரே?"

"ஆமாங்க சார். எண்ணிக்கையும் சரியாத்தான் போட்டிருக்காருங்க. ஒண்ணு."

அவர் என் கோப்பைப் புரட்டினார். பிறகு, "நீங்க அடிச்சதா இருக்கே?" என்றார்.

"அடிச்சேங்க. மூக்கு ஒடஞ்சிதுங்க. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா நானா வெளிய போனேன்னு எழுதியிருக்கீங்க. அது பொய்யிங்க."

"பொருள் தானா வெளிய போகாதும்மா" என்று முனகிக்கொண்டே என் விண்ணப்பத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அறைக்கு வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அடி வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

மறுதேர்வு அதே காலேஜில், அதே ஹாலில். அதே மேடம்தான் கண்காணிப்பு. பதினொரு மணி தாண்டியதும் வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. சைலன்சர் ஓட்டையான வண்டி, எங்கிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். யார் அவனுக்குச் சொன்னார்களோ. பேனா நின்றுவிட்டது. இடது கை தானாகப் பேட்டைத் திருப்பிக் கிளிப்பை முன்னால் கொண்டுவந்தது. கேட்டுப் பக்கம் அவன் கத்துவது கேட்டது. பெரியப்பாவின் குரல் சன்னமாக ஏதோ சொன்னது. பிறகு தகரம் அதிர கேட்டை உதைக்கிற சத்தம், மூன்று நான்கு முறை. மேடம் என்னைப் பார்த்தார். நடந்து போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

நான் எழுதினேன். கையெழுத்து கோணலாகப் போயிற்று. மணி அடிக்கிறவரை எழுதினேன்.

வெளியே வந்தபோது கேட்டின் கீழ்த்தகடு உள்ளே நெளிந்திருந்தது. பெரியப்பாவின் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். அவன் பெயர் இருந்தது. உள்ளே என்ற இடத்தில் 'விடவில்லை' என்று இருந்தது. நேரம் எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தையும் அவர் காலியாக விடவில்லை.

வெளியே கொண்டு செல்லும் பொருள்: இல்லை.