அட்டை வர்ற வரைக்கும் சொல்லாதீங்க

என் தம்பி பெண்டாட்டியை நான் படிப்ஸ் என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். தண்ணீரைச் சோதிக்கிற படிப்பு படிக்க இந்த நாட்டுக்கு வந்தவள், பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். இன்னும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்கமாட்டாள். "விஷமா வெச்சிருக்கோம்? குடிடீ" என்பேன்.

எனக்குத் துணி திருத்துகிற கடை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது. ஒரு கறுப்பு பேன்ட்டோடு அவள் வந்த நேரம், வீட்டுச் சாவி வாங்க என் தம்பியும் வந்து நின்றான். அவ்வளவுதான். அதே பேன்ட்டைக் குறைக்க மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை நானே சொல்லிவிட்டேன்: "இனிமே குறைச்சா அரை டிராயர்தான். அவன் ஆறு மணிக்கு வருவான், உட்காரு."

படிப்பு முடிய நான்கு மாதம் இருக்கும்போது கல்யாணம். தம்பி இந்த நாட்டுக் குடிமகன். விசாவில் மாணவி என்றிருந்ததை மனைவி என்று மாற்ற விண்ணப்பம் போட்டார்கள். கல்யாணம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அதை நிரூபிக்கத்தான் மாசக்கணக்கு. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர், கரண்ட் பில்லில் இரண்டு பேர், சிரித்த போட்டோ, சிரிக்காத போட்டோ. சாட்சிக் கடிதம் நான் எழுதினேன். தெருவுக்கே கேட்கும்படி சண்டை போடுகிறார்கள், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று எழுதியதைத் தம்பி அடித்துவிட்டான்.

அதில் ஒரு நிபந்தனை. முடிவு வரும்முன் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் செத்துவிடும். மாணவி விசாவும் முடிந்துபோயிருந்ததால், போனால் திரும்பி வர வழியில்லை. மனைவியாக இங்கே தங்கலாம் என்கிற அட்டை வரும்வரை வேலைக்கும் போகக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் போனுக்குக் காத்திருப்பாள். அவர் லாரி மெக்கானிக். அம்மா இல்லாத பிள்ளைகள் இரண்டையும் தானே வளர்த்தவர். ஞாயிறு காலையானால் கூப்பிடுவார். இருவரும் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாததைப் பேசுவார்கள்.

விண்ணப்பம் போட்டு ஒன்பதாவது மாதம், அவளுடைய அண்ணன் கடைக்குப் போன் செய்தான். அப்பாவைப் படுக்கையில் போட்டுவிட்டது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றான்.

"அக்கா, தங்கச்சிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா அடுத்த பிளைட்ல வந்து நிப்பா. அவ வாழ்க்கையே போயிடும். அட்டை வர்ற வரைக்கும் சொல்லாதீங்க. மாப்பிள்ளைக்கும் வேண்டாம், அவர் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நம் குடும்பங்களில் கெட்ட செய்தியை ஒளிப்பதற்குப் பெயர் பாசம். பரீட்சை முடியட்டும், பிரசவம் ஆகட்டும் என்று ஒளிப்போம், ஒளித்தவருக்கு நல்ல பெயர் வேறு கிடைக்கும். எனக்கும் அந்த நல்ல பெயர் மேல் ஆசை இருந்திருக்கும்.

முதல் ஞாயிறு, அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேசக்கூடாது என்றான் அண்ணன். அடுத்த ஞாயிறு போன் ரிப்பேர். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்பா சிக்னல் கிடைக்காத ஏதோ ஒரு ஊரில் லாரி பார்க்கப் போயிருந்தார்.

"அப்பாவுக்கு என்மேல கோவமாக்கா?" என்று கேட்டாள் அவள், பித்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டே.

"உங்கப்பாவுக்கு ஆயிரம் வேலை. உனக்குத்தான் பொழுது போகலை" என்று எரிந்து விழுந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆறு வாரம் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். அண்ணன் போனில் குழந்தை மாதிரி அழுதான். நான் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, இப்பவாவது சொல்லிடலாமா?"

"இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? அட்டை வரட்டும்" என்றேன். இந்த முறை அதைச் சொன்னது நான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு ஜிப் மாற்றினேன். பாவி, சாயங்காலம் அவள் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்தேன்.

அடுத்த மாதம் நேர்காணல். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்களாம். கட்டிலில் யார் எந்தப் பக்கம், முதலில் எழுவது யார் என்று. தம்பி பக்கத்தை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினான். இருந்தும் மூன்றாவது வாரம் அட்டை வந்துவிட்டது.

அன்று ராத்திரி தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொல்வதாக இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். பதினோரு மணிக்கே கடைக்குள் ஓடிவந்து, அட்டையை என் கண்ணுக்கு நேரே ஆட்டினாள்.

"டிக்கெட் போட்டாச்சுக்கா! வெள்ளிக்கிழமை கிளம்பறேன். அப்பாகிட்ட சொல்லவேண்டாம், போய் நிக்கப்போறேன்."

பையிலிருந்து இரண்டரை மீட்டர் நீலக் கட்டத் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். "ஒரு சட்டை தைச்சுக் குடுக்கா. கழுத்து பதினஞ்சரை. தோள் மட்டும் தெரியலை. அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டா பதிலே சொல்லாம வெச்சுட்டான், லூசு."

துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்தேன். கழுத்துக்குக் கோடு கூடப் போட்டேன். கத்தரி மட்டும் நகரவில்லை.

"என்னக்கா?"

"அப்பா இல்லடா" என்றேன். இருபத்தெட்டு வருஷம் கடை நடத்துகிறவள், நாலு வார்த்தை கோத்துச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி, ஆறு வாரம், செவ்வாய்க்கிழமை என்று தலையும் வாலும் மாற்றிக் கொட்டினேன். அட்டைக்காகத்தான் என்றேன், உன் நல்லதுக்குத்தான் என்றேன். அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது.

அவள் கத்தவில்லை. தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்து ஒரு தாளை உருவித் துணியின் மேல் வைத்தாள். அவசரப் பயண அனுமதி விண்ணப்பம். பேர், கையெழுத்து எல்லாம் போட்டிருந்தது. ஓரத்தில் இரண்டு போட்டோ. தேதி மட்டும் காலி.

"அப்பாவுக்கு சுகர் இருக்கேன்னு, விண்ணப்பம் போட்ட அன்னிக்கே விசா ஆபீஸ்ல கேட்டு வாங்கி வெச்சிருந்தேன்கா. ஆஸ்பத்திரி லெட்டர் ஒண்ணு இருந்தா ஒரு வாரத்துல விடுவாங்க. போயிட்டு வரலாம், ஒண்ணும் ஆகாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ஒரு வாரம். அவர் ஆறு வாரம் இருந்தார்.

"அப்பா என்னைக் கேட்டாராக்கா?"

அத்தனை நாள் பொய் சொன்னவள், அன்றைக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"கேட்டாரும்மா. தினமும் கேட்டாரு. உனக்கு வேலையில லீவு கிடைக்கலைன்னு உங்க அண்ணன் சொல்லிட்டே இருந்தான்."

"லீவா?" என்றாள். "எனக்கு வேலையே இல்லையேக்கா. வீட்டுலதானே இருந்தேன்."