ஒற்றைக் கதிரை அறைக்கு ஒரு நாள் பயணம்

“வீட்டில் எந்தக் கதிரையில் இருந்து பாட்டுக் கேட்பீர்கள்?” என்று ஒரு பேராசிரியர் என்னைக் கேட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, வட லண்டனில் ஒரு பல்கலைக்கழகம், கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான நேர்முகம். வீட்டில் கேட்கும் இசை நாலு பக்கமும் இருந்து வருவதுபோல் ஒலிக்க என்ன செய்யலாம் என்பதுதான் ஆய்வு. உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம் இருந்தது. அது கிடைத்தால், ஆசிரியர் யாராவது லீவு எடுக்கும் பள்ளிகளுக்கெல்லாம் ஓடி ஓடிப் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு, ஊரோடு விட்டுவந்த பௌதிகத்துக்குத் திரும்பலாம். இதே துறையில் ஆய்வு செய்ய லண்டன் வரவிருக்கும் உங்களில் சிலர் இந்தப் பக்கத்தில் வழி கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கோபத்தை விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தென் லண்டனில் எங்கள் வீடு இருந்த தோர்ண்டன் ஹீத்தில் இருந்து விக்டோரியாவுக்கு ரயிலில் அரை மணி நேரம். ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் நாள் முழுவதற்குமான சீட்டு மலிவு. அன்று நாலு பவுண்டுக்குள் முடிந்தது. விக்டோரியாவில் சுரங்க ரயிலுக்கு மாறி, ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி, பஸ்ஸில் இன்னும் இருபது நிமிடம். தரிப்பிடத்தில் இருந்து வளாகம் கால் மைல், அதுவும் ஏற்றம். மழை நாளில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன்.

முதலில் சோதனை அறையைக் காட்டினார்கள். தடித்த திரைச்சீலை, கம்பளம், சுற்றிவர ஐந்து ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரே ஒரு தோல் கதிரை. அதில் இருந்தேன், ஒரு பதிவைப் போட்டார்கள். வயலின் கண்முன்னே நின்றது, மழை முதுகுக்குப் பின்னால் பெய்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. தலையை ஒரு முழம் நகர்த்தினேன். வயலின் பக்கத்து ஸ்பீக்கருக்குள் விழுந்துவிட்டது.

பிறகுதான் அந்தக் கேள்வி. நான் உள்ளதைச் சொன்னேன். வீட்டில் ஏழு பேர். மாமி பின்னறையில் தைப்பார், நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். இருவருக்கும் கேட்கட்டும் என்று வயரை நீட்டி, ஒரு ஸ்பீக்கரைப் பின்னறையிலும் மற்றதைக் குசினியிலும் வைத்திருந்தோம். எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் பலவற்றில் இதே ஏற்பாடுதான். பழைய ஸ்டீரியோப் பதிவுகளில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் மிருதங்கம் மற்றதிலும் வரும்; அவற்றைப் போட்டால் மாமிக்குப் பாட்டுக்காரர், எனக்கு மிருதங்கம். “இண்டைக்கு நல்லாப் பாடினவர், என்ன?” என்பார் மாமி. பாட்டுக்காரர் வாய் திறந்ததே எனக்குக் கேட்டிராது. ஆளுக்கொரு மூலையில் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் முழுப் பாட்டும் போய்ச் சேர வழி என்ன? இதைத்தான் ஆராய வேண்டும் என்றேன்.

“இது ஒலியியல் பிரச்சினை இல்லை. உள்ளூர்க் கவுன்சிலிடம் பெரிய வீடு கேளுங்கள்” என்றார் பேராசிரியர். நேர்முகக் குழுவில் அவர் பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள்.

“உங்கள் சோதனைக்கு அந்தக் கதிரையில் யார் இருப்பது?” என்றேன்.

“நாங்களும் எங்கள் மாணவர்களும்.”

“ஒவ்வொருவராகவா?”

“வேறு எப்படி?”

“வகுப்பில் நடுவில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் விளங்கப் படிப்பிக்கும் ஆசிரியரை வேலைக்கு வைப்பீர்களா?” என்று கேட்டேன்.

அவர் என் விண்ணப்பக் கோப்பை மூடினார். வீட்டில் இசை கேட்டுப் பழகிய ஒருவரைத்தான் தேடுகிறோம் என்றார்.

வெளியே மழை. பஸ் வரவில்லை, மினிகாப் பிடித்தேன். ஓட்டியவர் எங்கள் ஊர்ப் பக்கம்.

“என்னக்கா, முகம் கறுத்துக் கிடக்கு?”

நடந்ததைச் சொன்னேன். “எனக்கு வீட்டிலை பாட்டுக் கேக்கத் தெரியாதாம்.”

“நடுவிலை கதிரையோ? எங்கடை வீட்டிலை போட்டால் ஆரின்ரையோ காலிலைதான் போடோணும்.” நான் சிரிக்காததைக் கண்ணாடியில் பார்த்தார். “விடுங்கோ அக்கா. பேசாமல் பிள்ளையளுக்கு ரியூஷன் குடுங்கோ. உந்தப் படிப்பு இனி ஆருக்கு வேணும்?”

“எனக்கு வேணும், தம்பி.”



இடம் வேறொருவருக்குப் போயிற்று. நான் நிரந்தர ஆசிரியையாகி, ஓய்வு பெறும்வரை படிப்பித்தேன். பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். அதனால் இந்தக் கோபம் தணிந்துவிடாது. தகுதி போதாது என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் வீடு வீட்டுக் கணக்கில் சேராது என்றல்லவா சொன்னார்கள். இப்போது பலர் சேர்ந்து கேட்கும் அறைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறேன்.

விண்ணப்பிக்குமுன் நீங்கள் சேர விரும்பும் ஆய்வுகூடத்தின் வழிகாட்டிக்கு எழுதி, சோதனை அறையில் எத்தனை பேர் இருந்து கேட்கலாம் என்று விசாரியுங்கள். ஒருவர்தான் என்று பதில் வந்தால், உங்கள் கேள்வியை மாற்ற வேண்டாம். வேறு ஆய்வுகூடத்தைத் தேடுங்கள்.

இன்று மாலை வீட்டில் ஒரு பாட்டைப் போட்டு, எல்லோரையும் அவரவர் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே கண்ணை மூடி, பாடுகிறவர் நிற்கும் பக்கத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பக்கமாக அந்தக் கைகள் காட்டும் திசைகளை வரைந்து, உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள்.