ஒரு சொட்டுகூடப் போடாதவர்

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம். லிஃப்ட் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் சிக்கி உள்ளே ஆள் அலறிக்கொண்டிருந்தாலும் கை நடுங்காமல் வேலை பார்ப்பார். குடிப்பதில்லை. அக்காமேல் கை ஓங்கியதில்லை. அவ்வளவுதான், நாலும் முடிந்துவிட்டது. மிச்சத்தை இனி சொல்கிறேன்.

என் ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் ‘சொட்டு’. அந்தப் பெயர் வந்தது கார் வாங்கிய பிறகு. நான் வண்டி மெக்கானிக். வீட்டு மாப்பிள்ளை கார் வாங்கப்போகிறார் என்றதும், கேட்காமலே போய் யோசனை சொன்னேன். அது என் முதல் தப்பு. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளக் கிடையாது.

“மாமா, உங்க வீட்டுக்கு சாதா ஹைபிரிட் போதும். ஓடுற ஓட்டத்துலயே பேட்டரியை அதுவே ஏத்திக்கும், வயரே வேணாம். இல்லன்னா என்னை மாதிரி கேஸ் வண்டி வாங்குங்க. சிலிண்டர் டிக்கியை அடைச்சுக்கும், பங்க்ல வரிசையில நிக்கணும், ஆனா செலவு கம்மி. முழு எலெக்ட்ரிக்தான் வேணும்னா கீழ ஒரு பாயிண்ட் போட்டுட்டு வாங்குங்க.”

“பிளக்-இன் ஹைபிரிடுக்கு என்ன குறைச்சல்? கரண்டுலயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்.”

“குறைச்சலே இல்ல. ஊருக்குள்ள கரண்டு, தூரம் போனா பெட்ரோல். ஆனா தினம் சார்ஜ் போடணும், அப்பப்ப எஞ்சினையும் ஓட விடணும். ரெண்டையும் கவனிக்கிற ஆளுக்குத்தான் அந்த வண்டி.”

“நான் கவனிக்க மாட்டேங்கிறியா மாப்ளே?”

அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். அடுத்த வாரமே, ஒரு கம்பெனி அதிகாரி மூன்று வருஷம் ஓட்டிய பிளக்-இன் ஹைபிரிட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். டிக்கியைத் திறந்து பார்த்தேன். சார்ஜ் வயர் பிளாஸ்டிக் பையில், சீல்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஆபீஸ் காசில் பெட்ரோலைப் போட்டே ஓட்டியிருக்கிறான் அந்த மகராசன். அவன் வயரைத் தொடவில்லை, எங்கள் ஆள் பெட்ரோலைத் தொடவில்லை. இந்த இரண்டு பேரிடமும் மாட்டிய காரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நீள வயர் மூன்று மாடி இறங்கியது. அந்த ஜன்னலை அதற்குப் பிறகு முழுசாக மூடவே முடியவில்லை. மழை பெய்தால் சாரல் அடுப்பின்மேல் அடிக்கும். கார் சார்ஜ் ஆகும்போது துணி துவைக்கும் மெஷினைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும்.

“ஏங்க, அடுப்பெல்லாம் நனையுது” என்பாள் அக்கா.

“இடுக்குல ஒரு துணியைச் சுருட்டி வை” என்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு துணி இருந்தது.

அவர் வேலையெல்லாம் ஊருக்குள்ளேயே. பேட்டரி தாராளமாகப் போதும். ஆகவே பெட்ரோல் போடாமலிருப்பதை ஒரு விரதமாகவே பிடித்துக்கொண்டார். “பதினாலு மாசம் மாப்ளே! ஒரு சொட்டு போடல!” என்று என் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கத்துவார். காரின் திரையில் மாதத்துக்கு ஒருமுறை ‘எஞ்சினைச் சற்று நேரம் இயக்க வேண்டும்’ என்று வரும். கீழே இரண்டு பொத்தான்கள், ‘சரி’, ‘பிறகு’. அவர் விரல் ‘சரி’ பக்கம் போனதே இல்லை.

“மாமா, டேங்க்ல கிடக்கிறது பழைய பெட்ரோல். கெட்டுப்போகும்.”

“மூடி போட்ட டேங்க்ல எப்படிடா கெடும்? எறும்பா ஏறப்போகுது?”

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்காகப் பதினொரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டாள். எண்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள், நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு. அங்கேயே ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். கை மறந்துபோயிருக்குமோ என்று பயந்து என் கையில் குத்திப் பழகினாள். மாமா கையைக் கேட்டதற்கு, “எனக்கு ஊசின்னாலே ஆகாது” என்று எழுந்து போய்விட்டார். முதல் மூன்று நாள் என் முழங்கை இரண்டும் கன்றிப்போயின. நாலாம் நாள் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஏழு மணி பஸ்ஸில் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள்.

“வீட்ல காரை வச்சுக்கிட்டு பஸ்ஸா? நாலு பேரு என்ன நினைப்பாங்க? பாதி தூரம் கரண்டு, பாதி தூரம் பெட்ரோல். இதுக்குத்தானே இந்த வண்டி!” என்றார் மாமா.

ஆறே முக்காலுக்குக் கிளம்பினார்கள். மேட்டுச் சாலை. நாற்பத்தோராவது கிலோமீட்டரில் பேட்டரி தீர்ந்தது. பதினாலு மாதம் தூங்கிய எஞ்சின் விழித்துக்கொள்ளப் பார்த்தது. இரண்டு முறை இருமி, வண்டியையே ஒரு குலுக்குக் குலுக்கி, அடங்கிவிட்டது. மாமா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். அரை மணி நேரம் போனது. அப்போது அந்த ஏழு மணி பஸ் பின்னால் வந்தது. அக்கா கையைக் காட்டினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“இரு, இதோ ஸ்டார்ட் ஆயிடும்.”

பஸ் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் கையை இறக்கினாரே, அதற்காகத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை. பெட்ரோல் கெட்டது அறியாமை. கையை இறக்கியது கொழுப்பு.

அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. என் வண்டியில் கேஸ் அடிமட்டத்தில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே போட்டிருக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்ததால் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று வந்துவிட்டேன். காலையில் எனக்கு முன்னால் பதினொரு வண்டி. முப்பத்தைந்து நிமிஷம் ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டு நின்றேன். ஊருக்கெல்லாம் வண்டி யோசனை சொல்லும் ஆள் நான்! என் லட்சணமும் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகப்போகும் நேரம். அறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் அக்காவின் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “லிஸ்ட் மேல போயிடுச்சும்மா. இனிமே என் கைல ஒண்ணும் இல்ல.”

அக்கா ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா பக்கத்தில் வந்து, “ரோடு மேடு. சமமா இருந்திருந்தா பேட்டரியே கொண்டுவந்து விட்டிருக்கும்” என்றார். நாற்பது கிலோமீட்டர் ஓடும் பேட்டரி எண்பது ஓடுமாம். அன்றைக்கு அவரை அடித்திருப்பேன். அக்கா நடுவில் நின்றதால் விட்டேன்.

காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்து டேங்கைக் காலி செய்தேன். பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுபோல் வாடை. ஒரு தட்டில் ஊற்றி அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். “கார் கம்பெனிக்காரன் பண்ணின கோளாறு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முகம்கூடக் கழுவவில்லை. ஜன்னலோரம் நின்று, கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல் அந்த வயரைக் கைமாற்றிக் கைமாற்றி மூன்று மாடி உயரத்துக்கு இழுத்தாள். சுருட்டி அவர் மடியில் வைத்தாள்.

“நான் சார்ஜ் எங்க போடறது?” என்றார்.

“பிறகு பார்த்துக்கலாம்” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு இடம் காலியானது. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஏழு மணி பஸ்ஸில் போய் வந்தாள். வேலை கிடைத்தது. இப்போது தினமும் அதில்தான் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். எந்த வண்டி லாபம், எது நஷ்டம் என்று மாமா எனக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். என் மெக்கானிக் புத்தி சும்மா இருக்கவில்லை.

“அக்கா, உன் பஸ் எதுல ஓடுது? டீசலா, கேஸா, கரண்டா?”

“தெரியலடா” என்றாள். “கை காட்டினா நிக்குது.”